பத்து நிமிஷத்தில் ஒரு காஜா

நான் இருபத்தோரு வயதில், ஒருவனுக்குத் தொழில் தெரியுமா தெரியாதா என்று சோதித்துப் பார்க்கும் உத்தியோகத்தில் இருந்தேன். எனக்கு ஒரு தொழிலும் தெரியாது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன், இங்கிலீஷில் மனு எழுதுவேன், எழுத்து குண்டு குண்டாக இருக்கும். அதற்கு மேல், சுவரில் ஒரு ஆணியை நேராக அடிக்கச் சொன்னால் என் கட்டைவிரல்தான் முதலில் அடிபடும். இப்போது அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் என்ன படித்தால் வேலை கிடைக்கும், எதைக் கற்றுக்கொண்டால் பிழைக்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் என்று என் மேல் ஒரு மரியாதை. நான் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் இந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. பட்டாளத்துக்குத் தேவைப்பட்டபோது நம் ஊர்ப் பையன்களுக்கு லாரி ஓட்டவும் தந்தி அடிக்கவும் கற்றுக்கொடுத்த சர்க்கார், வேலை முடிந்ததும் போய் வா என்று சொல்லிவிட்டது. அவர்கள் காக்கிக் கால்சட்டையோடு தூத்துக்குடித் தெருக்களில் சும்மா நடந்துகொண்டிருந்தார்கள். மழை இரண்டு வருஷமாகப் பொய்த்திருந்தது. மில் கேட்டில் காலையில் ஐந்து பேரைக் கூப்பிட்டால் ஐம்பது பேர் கையைத் தூக்குவார்கள். துணிக்குக் கட்டுப்பாடு வந்து, தையல்கடைகளும் ஜவுளிக்கடைகளும் ஈயோட்டிக்கொண்டிருந்தன. வயிற்றுப்பாட்டுக்கு வழி தேடியவர்கள் எல்லாரும் கொழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொழும்புக்குக் கூலி வேலைக்கு யாரும் போகக் கூடாது என்று யுத்தத்துக்கு முன்பே தடை போட்டிருந்தார்கள். கைத்தொழில் தெரிந்தவன் போகலாம்; மூட்டை தூக்கப் போகிறவன் போகக் கூடாது. துறைமுகத்தில், தோணிகள் அணையும் ஜெட்டிக்குப் பக்கத்தில், ஓடு வேய்ந்த ஒரு கட்டடத்தில் போகிறவர்களுக்குப் பெர்மிட் கொடுக்கும் எங்கள் ஆபீஸ். ஒரு அதிகாரி, நான், ஒரு பியூன். அதிகாரி வடக்கேயிருந்து வந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், சீக்கிரம் சலித்துப்போகிறவர். வருகிறவன் எல்லாம் நான் தச்சன், நான் கொத்தன் என்று சொல்கிறான், இவனை எப்படி நம்புவது என்று அவர் ஒருநாள் அலுத்துக்கொண்டார். அன்று நான் வாயைக் கொடுத்தேன். ஆளுக்கு ஒரு சின்னச் சோதனை வைத்துவிடலாம் சார் என்றேன்.

அவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரு பழைய தேயிலைப் பெட்டியில் நானே சாமான்களைச் சேர்த்தேன். நாவிதருக்கு ஒரு சவரக்கத்தி, கொத்தனாருக்குத் தூக்குக்குண்டு, தச்சருக்கு மழுங்கின உளியும் சாணைக்கல்லும், தையல்காரருக்கு ஊசியும் நூலும் ஒரு கந்தல் துணியும். சவரத்துக்குப் பியூனின் கன்னம். ஒரே மாதத்தில் அவர் முகத்தில் மழிக்க ஒன்றும் இல்லாமல் போய், கன்னம் பித்தளைச் செம்பு மாதிரி மினுங்கியது. சமையல்காரன் என்று வருகிறவன் வெங்காயம் நறுக்கிக் காட்ட வேண்டும். நறுக்கிய வெங்காயத்தைப் பியூன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார், அது அவர் கன்னத்துக்கு நஷ்டஈடு. ஒரு தடவை தவறினவன் ஒரு வருஷம் கழித்துத்தான் மறுபடி வரலாம் என்ற விதியும் என் யோசனைதான். என் வேலை தற்காலிகமானது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். உன்னை நிரந்தரமாக்க மேலே எழுதுகிறேன் என்று அதிகாரி சொன்னது இந்தப் பெட்டியைப் பார்த்த பிறகுதான்.

தையல்காரர்களுக்கு நான் வைத்த சோதனை காஜா. துணியில் பொத்தான் நுழைகிற அளவுக்குக் கீறி, ஓரம் பிரியாமல் சுற்றிலும் நூலால் முடிச்சு முடிச்சாகக் கட்டி வர வேண்டும். பத்து நிமிஷம். தையல் மிஷின் வேண்டாம், கத்திரி வேண்டாம், கீறப் பெட்டியிலிருக்கும் சவரக்கத்தியே போதும், மேஜை ஓரத்தில் நின்றபடியே செய்துவிடலாம். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். தைக்கிறவனுக்குக் காஜா போடத் தெரியாமலா இருக்கும் என்று என் நினைப்பு.

இரண்டு மாதம் ஆகவில்லை, ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. கொழும்புக்குப் போகிறவர்கள் தங்கும் ஒரு சோற்றுக்கடை மாடியில் காஜா பாடம் நடக்க ஆரம்பித்தது. உளி பிடிக்க வருஷக்கணக்காகும். சவரக்கத்தியைத் தப்பாகப் பிடித்தால் பியூன் கத்திவிடுவார். காஜாவை இரண்டு நாளில் கற்றுக்கொள்ளலாம். மூன்றாம் நாள் காலையில் எங்கள் வரிசையில் வந்து நின்று டெய்லர் என்பார்கள். பனை ஏறி உள்ளங்கை காய்த்தவர்கள், வேம்பார் உப்பளத்தில் கால் வெடித்தவர்கள், பெரியதாழையிலிருந்து வலையை விட்டுவிட்டு வந்தவர்கள், எல்லாரும் டெய்லர். அந்த வருஷம் எங்கள் ஆபீஸ் ரிஜிஸ்தரைப் பார்த்தவன், திருநெல்வேலி ஜில்லாவில் தையல்காரர்களைத் தவிர வேறு யாரும் பிறப்பதில்லை என்று நினைத்திருப்பான்.

எனக்குத் தெரியும். பாடம் நடக்கும் மாடிகூடத் தெரியும். நான் கண்டும் காணாமல் இருந்தேன். பாவம், பசித்தவர்கள், போகட்டும் என்று விட்டதாக இத்தனை நாள் சொல்லிக்கொண்டு வந்தேன். அது பாதிதான். என் சோதனை ஓட்டை என்று அதிகாரியிடம் நானே போய்ச் சொன்னால் என் நிரந்தரம் என்னவாகும் என்பதுதான் மீதி.

அப்படி இருக்கும்போதுதான் அவன் வந்தான். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு தையல்கடையில் துணி வெட்டும் கட்டராக இருந்தவன். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவன். இந்த வேலைக்கு நேர்முகம் வந்தபோது எனக்குச் சட்டை வெட்டியவன் அவன்தான். அன்று டேப்பைத் தோளில் வைத்து ஒரு நிமிஷம் நின்றான். "தம்பி, உமக்கு எடது தோள் கொஞ்சம் எறக்கம். வெளிய தெரியாமப் பண்ணிருதேன்" என்றான். என்னைப் பெற்றவளுக்கே தெரியாத விஷயம் அது. சட்டையைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நான் வேலைக்கு வந்தேன். அவன் எங்கள் மேஜைக்கு முன்னால் வந்து நின்ற அன்றும் அதைத்தான் போட்டிருந்தேன்.

துணிக் கட்டுப்பாட்டில் ஸ்ரீவைகுண்டத்துக் கடையை மூடிவிட்டார்கள். அவனுக்கு மனைவியும் ஒரு வயதுக் குழந்தையும். மனைவியின் தாய்மாமன் கொழும்பில் தையல்கடை வைத்திருந்தார். கட்டர் இல்லாமல் கடை நொண்டுகிறது, உடனே புறப்பட்டு வா, நீ போய்ச் சேர்ந்ததும் மனைவியையும் பிள்ளையையும் வரவழைத்துக்கொள்ளலாம் என்று கடிதம் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். நமக்குத் தெரிந்த ஆள் இங்கே இருக்கிறது என்ற தைரியம் அந்தச் சிரிப்பில் இருந்தது.

"என்ன தொழில்?" என்றார் அதிகாரி.

"டெய்லர் ஐயா. கட்டர்."

நான் கந்தல் துணியையும் ஊசியையும் அவன் பக்கம் நகர்த்தினேன். அதிகாரி கடிகாரத்தை எடுத்து வைத்தார். அவன் துணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"காஜாவா? அதை எங்க வீட்டுல போடுவா ஐயா. நான் கட்டர்லா. ஒரு கத்திரியும் துணியும் குடுங்க. இங்கன நிக்கிற யாருக்குன்னாலும் அளவெடுத்து வெட்டித் தாரேன்."

அவன் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எந்தத் தையல்கடையிலும் கட்டர் வெட்டுவார், மிஷினில் இருப்பவர் தைப்பார், காஜா போடுவதற்கு உருப்படிகளைப் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கொடுத்து விடுவார்கள். கட்டர் காஜா ஊசியைத் தொடுவது கௌரவக் குறைச்சல். கடையின் தலையான ஆள் கடைசி வேலையைச் செய்ய மாட்டான். என் சோதனையில் உண்மையான தையல்காரன் மட்டும்தான் தவற முடியும். அதைச் செய்து வைத்தவன் நான்.

அதிகாரிக்குக் கோபம் வந்தது. "ரேஷன்ல எனக்கு வேட்டி கிடைக்கலை. நீ வெட்டிப் பார்க்க நான் துணி தரணுமா?"

"காகிதம்னாலும் போதும் ஐயா. பழைய பேப்பர் இருந்தாக் குடுங்க."

என் காலடியில் பழைய செய்தித்தாள்கள் ஒரு கட்டு இருந்தது. நான் குனியவில்லை.

"ஊசியை எடு. பத்து நிமிஷம்" என்றார் அதிகாரி.

எடுத்தான். வேறு வழி இல்லாமல் எடுத்தான். கீறியது கோணலாகப் போயிற்று. ஐந்தாறு முடிச்சுப் போட்டு நூல் சிக்கி, அதைப் பிரிக்கப் பார்த்து, அறுந்தது. அவனுக்கு முன்னால் நின்ற பனையேறி ஏழே நிமிஷத்தில் பூ வேலை மாதிரி முடித்துவிட்டு, பெர்மிட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான். நேரம் முடிந்தபோது கட்டரின் கையில் இருந்தது பாதிக் காஜா.

"டெய்லருக்குக் காஜா தெரியாதாம், பொண்டாட்டிக்குத்தான் தெரியுமாம்" என்று வரிசையைப் பார்த்துச் சொன்னார் அதிகாரி. "அப்போ அவளையே கொழும்புக்கு அனுப்பிடுவோமா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

அவன் என் பக்கம் திரும்பினான். தம்பி என்று சொல்ல வாயெடுத்து, மாற்றிக்கொண்டான். "சார், நீங்க ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

"உனக்கு இவனைத் தெரியுமா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

தெரியும் என்றால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்தவன் நல்ல தையல்காரன் என்றால் சோதனை தப்பு. சோதனை சரி என்றால் நான் வேண்டியவனுக்குச் சிபாரிசு செய்கிறேன் என்றாகும். இரண்டிலும் என் தலைதான் உருளும்.

"தெரியாது சார்" என்றேன்.

அவன் என் இடது தோளைப் பார்த்தான். பிறகு கடிதத்தை எடுத்து, வந்த மடிப்பிலேயே மடித்து, பையில் வைத்துக்கொண்டு போனான்.

மறுநாள் காலை நான் தங்கியிருந்த அறைக்கு வந்தான். எப்படி விசாரித்தானோ. நான் கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தேன். வாசலுக்கு வெளியே நின்றே பேசினான்.

"நேத்துக் கூட்டத்துல அப்படிச் சொல்லிட்டீக. பரவால்ல, ஒங்க நெலம ஒங்களுக்கு. ரிஜிஸ்தர்ல எம் பேர மட்டும் அடிச்சு விடுங்க. ரெண்டு நாள்ல காஜா படிச்சிட்டு வந்து போட்டுக் காட்டிருதேன்."

"ஒரு தடவை தவறினா ஒரு வருஷம். ரூல்."

"ரூல் யாரு போட்டது?"

"சர்க்கார்."

"ஒரு வருசம் அங்க கடைய வச்சிக்கிட்டுக் காத்திருப்பாகளா சார்? கைப்பிள்ளைக்காரன். வேற வேல ஒண்ணுந் தெரியாது எனக்கு."

அடிப்பதற்கு ஒரு பேனாக் கோடு போதும். அந்த ரிஜிஸ்தர் என் மேஜை டிராயரில்தான் இருந்தது. ஆனால் அவன் அங்கே நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. தன்னை நான் எப்படிக் கைவிட்டேன் என்று தெரிந்தும் கோபப்படாமல் நிற்கிறானே என்பதே எனக்கு எரிச்சலாக இருந்தது. "நேத்து நான் கட்டர், கட்டர்னு நெஞ்ச நிமித்தினீரே. இன்னைக்குக் காஜா படிக்க வாரீராக்கும்" என்றேன். சொல்லிவிட்டு மறுபடி தலை வாரினேன். அந்த வருஷம் நான் செய்த எத்தனையோ காரியங்களுக்கு என்னிடம் ஒரு சாக்கு உண்டு. இதற்குக் கிடையாது.

அதற்குப் பிறகு அவன் ஸ்ரீவைகுண்டம் திரும்பவில்லை. ஜெட்டியில் உப்பு மூட்டை சுமக்கச் சேர்ந்துவிட்டான். தூத்துக்குடியில் கடல் ஆழமில்லை. கப்பல்கள் தூரத்தில்தான் நிற்கும், சரக்கெல்லாம் தோணியில் ஏற்றித்தான் போக வேண்டும். குத்தித் தூக்கும் இரும்புக் கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் பலகையில் ஏறி இறங்குவதை என் ஜன்னல் வழியாகவே பார்க்கலாம். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம். அதனால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

அவன் மனைவியும் குழந்தையும் கூட வந்து, அதே சோற்றுக்கடைக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்தார்கள். மாடியில் காஜா சொல்லிக்கொடுப்பது இப்போது அவள்தான் என்று பியூன் வந்து சொன்னார். நான் நம்பவில்லை. வரிசையில் வருகிறவர்களின் காஜாவைப் பார்த்த பிறகு நம்பினேன். முன்பு ஆளுக்கு ஒரு விதமாக இருந்தது, இப்போது எல்லாம் ஒரே கை. முடிச்சுகள் அரிசி வைத்த மாதிரி வரிசையாக இருந்தன. யாரோ ஒருவன் அவள் கற்றுக்கொடுத்ததை வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போகிறான். அவள் புருஷன் உப்பு சுமக்கிறான். இதை நினைத்தால் சிரிப்பு வந்திருக்க வேண்டும், எனக்கு வரவில்லை.

ஒருநாள் காலை அவளே வரிசையில் நின்றாள். இருபது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, இடுப்பில் பிள்ளை. எங்கள் வரிசையில் அதற்கு முன் ஒரு பெண் நின்றதில்லை. முறை வந்ததும் குழந்தையைப் பின்னால் நின்ற ஒருவரிடம் கொடுத்துவிட்டு மேஜைக்கு வந்தாள். யாரும் சொல்லாமலே ஊசியை எடுத்தாள்.

"என்னம்மா இது?" என்றார் அதிகாரி.

"ஐயாதான் அன்னைக்குச் சொன்னீகளாம், பொண்டாட்டியக் கொழும்புக்கு அனுப்பிருவோமான்னு. அதான் வந்திருக்கேன். தாய்மாமன் கடிதாசியும் இருக்கு."

வரிசையில் அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் அவளிடம் பாடம் கேட்டவர்கள். அதிகாரி கடிகாரத்தை எடுக்க மறந்துவிட்டார். அவள் ஒரு காஜாவை முடித்தாள். துணியைத் திருப்பி இன்னொன்று போட்டாள். மூன்றாவதை ஆரம்பித்தபோது போதும் போதும் என்றார். விண்ணப்பப் பாரத்தில் ஆண்கள் மட்டும் என்று எங்கேயும் அச்சடித்திருக்கவில்லை. சொந்தத் தாய்மாமன் வீட்டுக்குப் போகிறாள், கையில் தொழில் இருக்கிறது. அவருடைய கேலியிலேயே அவரை மடக்கிவிட்டாள். கடைசியில் அவருக்கே அது பெரிய வேடிக்கையாகிவிட்டது. "எழுதுய்யா, டெய்லர்னு எழுது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரு வாரம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார். நான் எழுதினேன். அவள் எழுத்துத் தெரியாதவள். தன் பேருக்குப் பக்கத்தில் நான் எழுதியது என்ன என்று கேட்டாள். டெய்லர் என்று எழுதியிருக்கிறது என்றேன்.

"அது அவுக தொழிலுல்லா" என்றாள்.

அவள் முதலில் போவது, ஒரு வருஷம் முடிந்ததும் அவன் சோதனையில் தேறி வந்து சேர்ந்துகொள்வது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். இது பியூன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாதக்கணக்கை அவன் ஜெட்டிச் சுவரில் கரியால் கோடு போட்டு வைத்திருந்தானாம்.

அவள் புறப்பட்ட அன்று ஜெட்டியில் பெர்மிட் பார்க்கும் வேலை என்னுடையது. கப்பலுக்குப் போகும் தோணி படியோரம் நின்றது. அவளுடைய தகரப் பெட்டியை அவன்தான் தலையில் சுமந்து வந்தான். குழந்தை அவன் தோளில் கிடந்த கொக்கியைப் பிடிக்கக் கையை நீட்டியது. "ஏளா, பிள்ளைக்கு வெயில் படாமப் பாத்துக்கோ. மாமாட்ட கத்திரிக்கு எண்ணெ போட்டு வைக்கச் சொல்லு" என்றான். அவள் தலையை ஆட்டினாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. என் வேலை காகிதத்தைப் பார்ப்பது.

அவள் தோணியில் இறங்கிய பிறகு அவன் என்னிடம் வந்தான்.

"ஐயா, கப்பல் வரைக்கும் போயிட்டு இதே தோணியில திரும்பிருதேன்."

சாருக்கு அடுத்த படியாக நான் ஐயா ஆகியிருந்தேன். பெர்மிட் இல்லாதவன் பிரயாணிகள் தோணியில் கால் வைக்கக் கூடாது என்றேன்.

"பிரயாணியா வரல ஐயா. பெட்டி தூக்குத ஆளா வாரேன். பெட்டியக் கப்பல்ல ஏத்த ஆளு வேணும்லா?"

வேண்டும்தான். தினமும் நாலைந்து சுமைகூலிகள் அப்படிப் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஆனால் இவன் போய்க் கப்பலில் ஒளிந்துகொண்டால் ரிஜிஸ்தரோடு என்னைக் கூப்பிடுவார்கள். வேறு ஒரு ஆளைக் கூப்பிட்டு அந்தப் பெட்டியைத் தூக்கச் சொன்னேன். அந்த ஆள் இவனோடு சேர்ந்து மூட்டை தூக்குகிறவன். பெட்டியை வாங்கும்போது இவன் முகத்தைப் பார்க்காமல் வாங்கினான். தோணி விலகியது. குழந்தை தோணிக்காரனின் துடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது, அப்பனைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டு அவன் உப்பு மூட்டைக்குப் போனான்.

அந்த வருஷத்துக்குள் எனக்கு எல்லாம் நல்லபடியாக நடந்தது. நான் நிரந்தரமானேன். அதிகாரி மாற்றலாகிப் போகும்போது, புதியவர் வரும்வரை சோதனைகளை நீயே பார் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் நான் செய்த முதல் காரியம் தையல்காரர்களின் சோதனையை மாற்றியதுதான். காஜாவை எடுத்துவிட்டேன். நல்ல கத்திரி ஒன்று வாங்கி, சாணை பிடித்து, பெட்டியில் வைத்தேன். பழைய செய்தித்தாளில் ஒரு சட்டைக்கு முன்பக்கமும் தோளும் வெட்டிக் காட்ட வேண்டும். சோற்றுக்கடை மாடியில் இதைக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. ரிஜிஸ்தரில் டெய்லர்கள் சட்டென்று குறைந்துபோனார்கள். நான் அதை அவனுக்காகத்தான் செய்தேன். இது சத்தியம். அவனுடைய வருஷம் எந்தத் தேதியில் முடிகிறது என்று எனக்குத் தெரியும். வரட்டும், எல்லார் முன்னாலும் வெட்டட்டும், நானே அவன் பெர்மிட்டில் கையெழுத்துப் போடுவேன் என்று நினைத்துக்கொண்டேன். நினைக்க நினைக்க நான் நல்லவனாகிக்கொண்டே போனேன்.

வருஷம் முடிந்த நாளிலேயே வந்தான். வெள்ளை வேட்டி கட்டி, குளித்து, நெற்றியில் நீறு பூசி வந்திருந்தான். என்னைப் பார்த்துக் கும்பிட்டான். வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றது.

"ஊசி குடுங்க ஐயா" என்றான். "ஒரு வருசமாப் பழகியிருக்கேன். அவ ஒரு துணியில போட்டுக் குடுத்துட்டுப் போனா, அதப் பாத்துப் பாத்துப் பழகுனேன்."

"காஜா இல்லை. இப்போ வெட்டுறதுதான் சோதனை" என்று சொல்லிக் கத்திரியையும் செய்தித்தாளையும் நகர்த்தினேன். அவன் முகம் மலரும் என்று காத்திருந்தேன். மலரத்தான் செய்தது. கத்திரியைப் பார்த்ததும் தன்னை மறந்து கையை நீட்டினான். கட்டைவிரல் வளையத்துக்குள் போயிற்று. மற்ற விரல்கள் போகவில்லை. உப்பு தின்று, வெடித்து, ஆறி, மறுபடி வெடித்து, விரல்கள் கிழங்கு மாதிரி தடித்திருந்தன. ஆள்காட்டி விரல் எப்படி இப்படி ஆயிற்று என்று கேட்டேன். மூட்டைக்கும் தோணி விளிம்புக்கும் நடுவில் சிக்கிவிட்டது, நான்கு மாதம் ஆகிறது என்றான். இடது கைக்கு மாற்றிப் பார்த்தான். காகிதம் கிழிந்தது. இன்னொரு தாள் கொடுத்தேன். அதை மேஜையில் விரித்து, புறங்கையால் தடவி, எங்கே தோள் எங்கே கழுத்து என்று நகத்தால் சரியாகக் கோடு போட்டான். கோடு அச்சாக இருந்தது. கோட்டின் மேல் கத்திரி போகவில்லை.

ரூல்படி பத்து நிமிஷம். நான் இருபது நிமிஷம் கொடுத்தேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

நான் தேறியதாக எழுதியிருக்கலாம். கேட்க ஆளில்லை. ஏன் எழுதவில்லை என்று இத்தனை வருஷத்தில் எனக்கு நானே பல காரணங்கள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வரிசை பார்த்துக்கொண்டிருந்தது, புதிய அதிகாரி ரிஜிஸ்தரைத் தோண்டுவார் என்றெல்லாம். உண்மை வேறு. இந்தச் சோதனை சரியான சோதனை. முதல் தடவையாக நான் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்திருந்தேன். அதை அவனுக்காகக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சோதனையில் ஒரு குறையும் இல்லை, அவன் இப்போது தையல்காரன் இல்லை. தொழில் என்ற இடத்தில் கூலி என்று எழுதினேன்.

நான் எழுதுவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். கிழிந்த தாள்களை அவனே பொறுக்கி ஒழுங்காக அடுக்கினான்.

"அடுத்த வருசம் வரலாமா ஐயா?" என்றான்.

வரலாம் என்றேன். அந்த விரல் இனி மடங்காது என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.